வீட்டு டைரிக்கு இன்ஸ்டாக்ஸ் மினி 12 சரிப்படுமா?

பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தவர்கள், பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்கள், பிள்ளைகள் கிளம்பிப்போன வீட்டில் இருவராக மிஞ்சியவர்கள் என்று பலருக்கும் ஒரு கட்டத்தில் வீட்டையும் தங்களையும் படமாக எடுத்துவைக்கலாமே என்று தோன்றும். செல்பேசியில் எடுத்தால் அது ஸ்க்ரீன்ஷாட், குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் ஃபியூஜிஃபிலிமின் இன்ஸ்டாக்ஸ் மினி 12 முன்னால்தான். எடுத்த கையோடு படத்தைத் தாளாகவே வெளியே தள்ளும் கேமரா இது, 2023-ல் வந்தது. இந்தியாவில் ஏழெட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிறந்தநாள் பார்ட்டிக்கான கேமராவாக இது எப்படி என்று சொல்லும் விமர்சனங்கள் ஏராளம். டைரி எழுதுவதுபோல ஒரு வருடம், இரண்டு வருடம் தொடர்ந்து வீட்டைப் படமெடுக்க இது ஆகுமா என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

முதலில் நல்லது. இந்தப் படத்தாளின் அளவு 86 × 54 மில்லிமீட்டர். அதில் படம் விழும் இடம் 62 × 46. மிச்சமெல்லாம் வெள்ளை ஓரம். கீழ் ஓரம் மட்டும் இரண்டு வரி எழுதும் அளவுக்கு அகலம். டைரிக்கு இந்தக் கேமராவை வாங்க வேண்டிய முதல் காரணம் அந்த ஓரம்தான் என்பேன். படத்தை எடுத்த கையோடு தேதியும் நாலு வார்த்தையும் எழுதிவிடலாம். 'அடுப்படி, சாயங்காலம், குக்கர் புதுசு' என்று எழுதிய ஒரு தாள், பத்து வருடம் கழித்து எந்த ஃபோல்டரையும் விட அதிகம் சொல்லும். ஆனால் ஜெல் பேனா அந்த வழவழப்பில் காயாது, விரல் பட்டதும் இழுபடும். பால்பாயின்ட் வழுக்கும், அழுத்தினால் தடம் விழும். மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கரோ பிக்மென்ட் பேனாவோதான் சரி. எழுதிவிட்டு ஒரு நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும்.

இன்னொரு நல்ல விஷயம் தொடர்ச்சி. இன்ஸ்டாக்ஸ் மினி தாள் 1998-ல் மினி 10 கேமராவோடு வந்தது. இன்றைக்கும் அதே அளவுதான். கேமரா பழுதாகி வேறு மாடலுக்கு மாறினாலும் ஆல்பம் அப்படியே தொடரும். பல வருடம் ஓட வேண்டிய வேலைக்கு இது சின்ன சமாதானமில்லை.

இனி கோளாறு. மினி 12-ல் ஃபிளாஷை அணைக்க முடியாது. பட்டன் இல்லை, மெனு இல்லை, எந்த நேரமானாலும் அடிக்கும். வீட்டைப் படமெடுப்பது என்றால் பாதி வேலை வெளிச்சத்தைப் படமெடுப்பதுதான்: காலையில் ஜன்னல் கம்பியின் நிழல் சிவப்புத் தரையில் விழுவது, முற்றத்தில் நாலு மணி வெயில், சாமி மாடத்தில் ஒற்றை விளக்கு. முன்னாலிருந்து வெள்ளையாக ஒரு அடி விழுந்ததும் கிட்டத்தில் இருக்கும் எல்லாமே தட்டையாகிவிடும். யார் வீட்டுச் சுவரும் ஒரே மாதிரி தெரியும்.

சரி, ஃபிளாஷ் அடிக்கட்டும், அறை முழுக்கவாவது தெரியுமா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. லென்ஸின் குவியத் தூரம் 60 மில்லிமீட்டர், படத்தின் நீளப் பக்கம் 62. ஆக, கேமராவைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பிடித்தால், நாம் நிற்கும் தூரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு அகலம் படத்தில் விழும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு சுவரில் முதுகை ஒட்டி நின்றால் எதிர்ச்சுவர் மட்டும் ஓரத்துக்கு ஓரம் வரும். நிமிர்த்திப் பிடித்தால் ஏழரை அடி அகலம்தான். இதே நேரம் ஃபிளாஷ் எட்டும் தூரம் 0.3 முதல் 2.2 மீட்டர் வரை, அதாவது ஏழடி சொச்சம். எதிர்ச்சுவர் முழுக்க வரவேண்டுமானால் பத்தடி பின்னால் போக வேண்டும். பத்தடி பின்னால் போனால் ஃபிளாஷ் அங்கே போய்ச் சேராது. கட்டிலின் கால்மாட்டு விரிப்பு பளீரென்றும், சுவரில் மாட்டிய தாத்தா படம் மங்கிய சாம்பலாகவும் வருவது இதனால்தான்.

கேமரா சும்மா இருப்பதில்லை. வெளிச்சம் குறைவு என்று தெரிந்தால் தானாகவே ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை) மெதுவாக்கி, பின்னணியையும் கொஞ்சம் பிடிக்கப் பார்க்கும். ஷட்டர் வேகம் 1/250 நொடியிலிருந்து அரை நொடி வரை மாறும். ஃபிலிம் வெளிச்சத்தை வேகமாகப் பிடிப்பதுதான் (ஐஎஸ்ஓ 800), ஆனால் லென்ஸ் துளை எஃப் 12.7, மிகச் சிறியது. ஆகவே இரவில் ஒற்றை ட்யூப்லைட் எரியும் கூடத்தில் அது கிட்டத்தட்ட அரை நொடிக்கு இறங்கிவிடும். அரை நொடி யார் கையும் ஆடாமல் இருக்காது. முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஃபிளாஷில் உறைந்து துல்லியமாக இருப்பார். பின்னால் பீரோவும் கதவும் இரட்டை இரட்டையாக இழுபட்டிருக்கும். ட்ரைபாடில் பூட்டலாம் என்றால் இந்த மாடலில் அதற்கான திருகுத்துளை இல்லை. டைமரும் இல்லை. மேசை, டிவி ஸ்டாண்ட், அலமாரித் தட்டு என்று எதன் மேலாவது கேமராவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல அழுத்துவதுதான் வழி. அப்படி வைத்து எடுத்தால் இரவுப் படமும் தேறும்.

ஃபிளாஷை மறைத்துவிட்டால்? பலரும் செய்கிறார்கள். கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப்பை இரண்டு மூன்று மடிப்பாக ஃபிளாஷ் கண்ணாடி மேல் ஒட்டுவார்கள். பக்கத்திலேயே வெளிச்சத்தை அளக்கும் சிறிய துளைகள் இருக்கும். டேப் அவற்றின் மேல் ஏறினால் அளவு தப்பிவிடும். ஒட்டியபின் கேமராவை எங்காவது ஊன்றி வைத்து, ஜன்னலோரத்துக்கு அருகில், பகலில் எடுக்க வேண்டும். ஜன்னலிலிருந்து உள்ளே போகப் போகப் படம் இருண்டுகொண்டே வரும். டேப்புக்குப் பதிலாக டிஷ்யூ பேப்பரை ஒட்டினால் ஃபிளாஷ் பாதியாகி மென்மையாகும். ஆறடிக்குள் இருக்கும் முகங்களுக்கு அது நன்றாகவே இருக்கிறது. எதுவானாலும் இது ஒட்டுவேலைதான். ஒரு பேக்கில் இரண்டு மூன்று தாள் பாழாகும் என்று எண்ணிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

அறையை விட்டுப் பொருளுக்கு வந்தால் கேமராவின் முகமே மாறிவிடுகிறது. லென்ஸ் வளையத்தை ஒருமுறை திருப்பினால் கேமரா உயிர்பெறும். இன்னொரு முறை திருப்பினால் குளோஸ்-அப். 30 முதல் 50 சென்டிமீட்டர் தூரத்துக்கு. முந்தைய மாடலான மினி 11-ல் கிட்டத்துப் படங்கள் நாம் பார்த்த இடத்தை விட்டு விலகி விழும். 12-ல் குளோஸ்-அப் போட்டதும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் சேர்ந்து அதைத் திருத்திக்கொள்கிறது. நடுவில் தெரியும் வட்டத்துக்குள் பொருளை வைத்தால் நடுவிலேயே விழும். வீட்டின் மாற்றத்தைச் சொல்ல அறை முழுக்கத் தேவையில்லை என்பது இங்கேதான் புரியும். கதவு நிலையில் பென்சிலால் போட்ட பிள்ளைகளின் உயரக் கோடுகள், கைப்பிடி தேய்ந்த அரிவாள்மனை, பழைய சுவிட்ச் போர்டு, பால் கணக்கு எழுதிய காலண்டர் தாள், அம்மியின் குழி. இவை எல்லாம் அரை மீட்டருக்குள் அடங்குபவை. ஃபிளாஷும் இங்கே துணைக்கு வருகிறது. பென்சில் கோடு மாதிரி மங்கலானவற்றுக்கு மட்டும் ஒரு தந்திரம் உண்டு: நேருக்கு நேர் அடித்தால் கிராஃபைட் மின்னி, கோடு சுவரோடு கரைந்துவிடும். சற்றே பக்கவாட்டில் நின்று எடுத்தால் கோடு கறுப்பாக நிற்கும்.

எவர்சில்வர் இந்தக் கேமராவுக்குப் பரம எதிரி. பாத்திர ஸ்டாண்டுக்கு நேராக நின்று அடித்தால் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. நடுவில் பெரிய குடம் இருந்தால் அது முழுக்கவே வெளிறிப்போகும். கண்ணாடி போட்ட சாமி படம், தஞ்சாவூர் ஓவியம், டிவி, பீரோ கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதே கதை. தட்டையான கண்ணாடியானால் முப்பது, நாற்பது டிகிரி சாய்ந்து நின்றால் போதும், வெளிச்சம் வேறு பக்கம் தெறித்துவிடும். வளைந்த பாத்திரத்தில் எந்தக் கோணத்தில் நின்றாலும் ஒரு பொட்டு இருக்கத்தான் செய்யும். டிஷ்யூ பேப்பர் அந்தப் பொட்டின் கடுமையைக் குறைக்கும், முழுக்கப் போக்காது. அதைச் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் அடுக்களையை இந்தக் கேமராவால் எடுக்க வேண்டாம்.

தன்னைத் தானே எடுப்பதற்கு லென்ஸ் பக்கத்தில் சிறிய கண்ணாடி ஒன்று பதித்திருக்கிறார்கள். குளோஸ்-அப்பில் வைத்து, கையை நீட்டி, அந்தக் கண்ணாடியில் முகம் தெரியும்படி பிடிக்க வேண்டும். கண்ணாடி சட்டகத்தின் எல்லையைக் காட்டாது, நடுவை மட்டும் காட்டும் என்பதால் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டே எடுங்கள். நெற்றியில் எண்ணெய்ப்பசை இருந்தால் ஃபிளாஷில் அந்த இடம் வெள்ளையாகும். துடைத்துக்கொண்டு எடுத்தால் போதும். முகத்தை மட்டும் எடுத்துத் தள்ளினால் டைரி சீக்கிரமே அலுத்துவிடும். கை, கால், அன்று உடுத்திய சேலையின் முந்தானை, படிக்கும் புத்தகத்தின் மேல் விரல், மருந்துச் சீட்டோடு மாத்திரைப் பட்டை என்று எடுத்தால், ஆறு மாதம் கழித்து அடுக்கிப் பார்க்கையில் ஆளின் மாற்றம் முகத்தைவிட இவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. பீரோ கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எடுக்க விரும்புபவர்கள் கண்ணாடிக்கு நேரே நிற்கக்கூடாது. ஃபிளாஷ் திரும்பி வந்து படத்தையே தின்றுவிடும்.

மாற்றத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். கேமராவில் நினைவகம் இல்லை, ஜூம் இல்லை, முந்தைய படத்தைத் திரையில் போட்டு ஒப்பிடும் வசதியும் இல்லை. ஆனால் இந்த இல்லாமையே இங்கே உதவுகிறது: லென்ஸ் மாறாது, துளை மாறாது, எனவே நிற்கும் இடமும் உயரமும் மாறாமல் இருந்தால் படமும் அச்சாக அதே சட்டகத்தில் விழும். நிற்கும் இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். உயரத்துக்கு ஏதாவது ஒரு ஸ்டூல் அல்லது ஜன்னல் விளிம்பை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் முடிந்தவரை ஒன்றாக்குங்கள். காலை எட்டு மணிப் படத்தையும் மாலை ஆறு மணிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுவரின் நிறம் மாறியதா, வெளிச்சம் மாறியதா என்றே தெரியாது. நாலைந்து இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். வாசல், அடுப்படி மேடை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றால் பொருள்கள் கிளம்பக் கிளம்ப இந்த நாலு இடங்களும் காலியாவதே ஒரு முழுக் கதை. சாமான் ஏற்றிய பிறகு வெறும் சுவரில் படம் மாட்டியிருந்த சதுரம் மட்டும் வெளுக்காமல் நிற்குமே, அதை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

வருடக் கணக்கில் பார்த்தால் கேமரா விலை ஒரு பொருட்டே இல்லை. தாள்தான் செலவு. ஒரு தாள் 50 ரூபாயை ஒட்டி வரும். இருபது தாள் கொண்ட இரட்டைப் பேக்காக வாங்கினால் ஓரிரு ரூபாய் குறையலாம். தினம் ஒன்று என்றால் வருடத்துக்கு 18,000 ரூபாய்க்கு மேல். வாரம் இரண்டு என்றால் 5,000 சொச்சம். டைரிக்கு வாரம் இரண்டு தாராளம். அதுவே எதை எடுப்பது என்று யோசிக்கவும் வைக்கும். பெட்டியில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். தள்ளுபடியில் வரும் பேக்குகளில் சில காலாவதியை நெருங்கியவையாக இருக்கும். பழைய தாளில் நிறம் மந்தமாகி, கறுப்பு பழுப்பாகும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. தாள் ஒழுங்காக வேலை செய்யும் வெப்பநிலை 5 முதல் 40 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மொட்டை மாடியில் எடுத்தால் நிறம் தடம் மாறும். வெளியே வந்த தாளை உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஒரு புத்தகத்துக்குள் மூடி வைத்தால் சமாளிக்கலாம். படம் தெளிய ஒன்றரை நிமிடம் ஆகும். அதுவரை ஆட்டக்கூடாது, மடக்கக்கூடாது. ஆட்டினால் சீக்கிரம் வரும் என்பது வெறும் பழக்கம். தாளின் ஓரத்தில் இருக்கும் பையிலிருந்து வேதிப்பசை இரண்டு படலங்களுக்கு நடுவே பரவித்தான் படம் உருவாகிறது, அதைக் கலைப்பதில் லாபமில்லை. உச்சி வெயிலில் வெள்ளைச் சுவரை எடுத்தால் வெளிறிப்போகும். வெயில் சாயும்வரை பொறுங்கள். காரில் கேமராவை வைத்துவிட்டுப் போகவே கூடாது. உபரிப் பேக்குகளை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் அல்ல. வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிட்ட பிறகே கேமராவில் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படியும்.

புதிதாக வாங்குபவர்கள் தாளை வீணாக்கும் இடங்கள் அநேகமாக இவைதான். பேக்கை நடுவில் அழுத்திப் பிடித்துப் போடுவது. ஓரங்களைத்தான் பிடிக்க வேண்டும், பேக்கின் மஞ்சள் கோடும் கேமராவின் மஞ்சள் கோடும் பொருந்த வேண்டும். மிச்சத் தாளின் எண்ணிக்கை சுழியம் ஆவதற்கு முன் பின்கதவைத் திறந்து பார்ப்பது. திறந்தால் மிச்சத் தாள்களில் வெளிச்சம் புகுந்து வெள்ளையாகிவிடும். மேலே தாள் வெளிவரும் வாயில் விரலை வைத்து மறைப்பது; பசை சீராகப் பரவாமல் பட்டை விழும். எல்லாப் படத்திலும் ஒரே இடைவெளியில் ஒரே மாதிரிக் கறை வந்தால் கேமராவில் ரோலர் அழுக்கு. பேக் தீர்ந்ததும் கதவைத் திறந்து, மெல்லிய ஈரத்துணியால் உருளைகளைத் துடைத்தால் போய்விடும். பேட்டரி இரண்டு ஏஏ அல்கலைன், ஏறக்குறைய நூறு படம் தாங்கும். ஃபிளாஷ் ஏற வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகத் தொடங்கினால் மாற்றும் நேரம். பழையதையும் புதியதையும் கலந்து போட வேண்டாம்.

சரி, அறைதான் வேண்டும், வெளிச்சம்தான் வேண்டும் என்பவர்கள் என்ன செய்வது? 2024-ல் வந்த மினி 99-ல் ஃபிளாஷை அணைக்கலாம், ஷட்டரைத் திறந்தே வைக்கும் பல்ப் முறையும் இரட்டைப் பதிவும் உண்டு. ஒரே தாளில் காலியான அறையையும் நிறைந்த அறையையும் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அதுதான் கேமரா. விலை இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மினி இவோ இன்னொரு வழி: உள்ளே டிஜிட்டல் சென்சார், 28 மில்லிமீட்டருக்கு இணையான அகலக் கோணம், ஃபிளாஷ் நம் கையில், பத்து சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம், பிடித்ததை மட்டும் அச்சிடலாம், அதையே இரண்டாம் பிரதியும் போடலாம். அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று கொடுக்க வேண்டிய வீடுகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் சென்சார் மிகச் சிறியது, 5 மெகாபிக்சலுக்கும் குறைவு. இரவில் நிழல்கள் புள்ளி புள்ளியாக இருக்கும். எடுத்ததை எல்லாம் பிறகு அச்சிடலாம் என்று வைத்துவிட்டு, கடைசியில் அச்சிடாமலே விடும் சோம்பலும் சேர்ந்து வரும். செல்பேசியிலேயே நன்றாக எடுப்பவர்கள், அந்தப் படங்களை இதே தாளில் அச்சிடும் மினி லிங்க் பிரிண்டர் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும். புதுக் கேமரா தேவையே இல்லை.

முகம், கை, பொருள், கிட்டத்துக் காட்சி என்று டைரி எழுதப்போகிறவர்கள் மினி 12-ஐத் தயங்காமல் வாங்கலாம். காலை வெளிச்சத்தில் காலி அறை என்று கனவு காண்பவர்கள் தள்ளுபடியைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வாங்கியவர்களுக்குப் பாதுகாப்பு பற்றிச் சில வார்த்தைகள். இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. தாள் போனால் படம் போனது. மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள். 600 டிபிஐ வைத்தால் ஏறக்குறைய 1,460 × 1,090 பிக்சல் வரும், அஞ்சலட்டை அளவுக்கு அச்சிட அது போதும். பெரிதாக வேண்டுமானால் 1,200. நோட்டில் ஒட்டும்போது அழகுக்காக ஓரத்தை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம்: ஓரத்துக்குள் இருக்கும் பசை காரத்தன்மை உள்ளது, புதுத் தாளில் அது தோலில் பட்டால் எரியும், வெட்டிய தாளுக்குள் காற்றும் ஈரமும் புகும். ஃபெவிகால் தடவாமல் மூலைச் செருகிகளில் சொருகுங்கள். சூட்டில் லேமினேஷன் செய்யாதீர்கள். பிவிசி உறைகளைத் தவிர்த்து பாலிப்ராப்பிலீன் உறையுள்ள ஆல்பமாகப் பார்த்து வாங்குங்கள், வெயில் படும் ஷோகேஸில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆல்பத்தோடு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள். கேமராவைச் சில மாதம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் கம்பிகள் பச்சை பிடித்துவிடும்.